ஒரு பருவம் வெளிநாட்டில் படிப்பது: சுங்கை சிப்புட் பெற்றோரும் மாணவரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் மாலை வகுப்பு நடத்துகிறேன். பல்கலைக்கழகம் சென்ற பழைய மாணவர்கள் விண்ணப்பப் பாரத்தை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் போன மறுநாள் பெற்றோர் வருகிறார்கள். சில மாதங்கள் வெளிநாட்டில் படிக்கும் திட்டத்தைப் பற்றி இரு தரப்பும் கேட்பவை பெரும்பாலும் ஒன்றுதான். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். முன்னால் சொன்னதைப் பின்னால் திருப்பிச் சொல்லவில்லை. அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

"வெளிநாட்டுப் படிப்பு என்றால் மூன்று நான்கு வருடம் போய்விடுவதுதானே? இது என்ன புதிதாக?"

முழுப் பட்டத்தையும் வெளிநாட்டில் படிப்பது வேறு. இங்கே நாம் பேசுவது, மலேசியப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கும் மாணவர் ஒரு பருவம் மட்டும், அதாவது நான்கைந்து மாதம், வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பும் திட்டம். சில வாரங்களில் முடியும் கோடைக்கால வகுப்புகளும் உண்டு. பட்டம் கொடுப்பது உள்ளூர்ப் பல்கலைக்கழகம்தான்.

2010இல் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து மூன்றும் சேர்ந்து இத்தகைய மாணவர் பரிமாற்றத்தைச் சோதனையாகத் தொடங்கின. எய்ம்ஸ் (ஆசியான் அனைத்துலக மாணவர் பரிமாற்றத் திட்டம்) என்ற பெயரில் அது வேறு சில ஆசியான் நாடுகளுக்கும் ஜப்பான், தென்கொரியாவுக்கும் விரிந்தது. இரண்டு பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு மாணவர்களை மாற்றிக்கொள்வதும் உண்டு. உங்கள் பிள்ளையின் பல்கலைக்கழகத்தில் அனைத்துலகப் பிரிவு என்று ஓர் அலுவலகம் இருக்கும். முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. இங்கே 1919இல் பிறந்து பின்னாளில் மலேசிய அமைச்சரான துன் வீ. தி. சம்பந்தன் கடல் கடந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அன்றைக்கு அது ரப்பர் தோட்ட உரிமையாளர் வீட்டுப் பிள்ளைக்கு எட்டிய வாய்ப்பு. இன்று பால்மரம் வெட்டியவரின் பேத்திக்கும் எட்டுகிறது.

"என் மகனுக்குப் புள்ளி அவ்வளவு உயர்வு இல்லை. அவனுக்கெல்லாம் கிடைக்குமா?"

பல திட்டங்கள் நான்குக்கு மூன்று என்ற சராசரியை எதிர்பார்க்கின்றன. அதற்குச் சற்றுக் கீழே இருந்தாலும் ஏற்கும் திட்டங்கள் இருக்கின்றன. முதலாண்டு முடிவுகள் வந்த கையோடு விசாரிக்கத் தொடங்க வேண்டும். கடைசி ஆண்டில் விழித்துக்கொள்பவர்களுக்குத்தான் வழி அடைபடுகிறது.

புள்ளிக்கு அடுத்தபடியாகப் பார்க்கப்படுவது, ஏன் போக விரும்புகிறீர்கள் என்று எழுதும் ஒரு பக்கக் கட்டுரை. நம் பிள்ளைகள் இங்கேதான் சறுக்குகிறார்கள். "நாட்டுக்குப் பெருமை சேர்ப்பேன்" என்று எழுதினால் படிப்பவருக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாது. ஒரு மாணவி, தன் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் ரப்பர் ஆலைக் கழிவுநீர் வெள்ளையாக நுரைத்து வரும், மழை பெய்தால் அந்த நாற்றம் படுக்கையறை வரை வரும் என்று தொடங்கி, கழிவுநீர் சுத்திகரிப்பைப் படிக்க விரும்புவதாக எழுதினார். தேர்வானார். தோட்டத்தில் வளர்ந்ததை மறைக்க வேண்டியதில்லை. உங்களிடம் மட்டும் இருக்கும் செய்தி அதுதான்.

"எவ்வளவு செலவாகும்? நகையை அடகு வைக்க வேண்டி வருமா?"

பரிமாற்ற உடன்படிக்கையின்கீழ் போனால் பெரும்பாலும் அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது. இங்கே கட்டும் பருவக் கட்டணத்தைக் கட்டினால் போதும். விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, காப்புறுதி, விசா ஆகியவைதான் செலவு. இந்தோனேசியா, தாய்லாந்து என்றால் உள்ளூரில் விடுதியில் இருப்பதைவிட மிக அதிகமாகிவிடாது. ஜப்பான், ஐரோப்பா என்றால் உபகாரச் சம்பளம் இல்லாமல் போக நான் யாருக்கும் சொல்வதில்லை. ஜப்பானில் ஜாசோ என்ற அரசு சார்ந்த அமைப்பு, தேர்வாகும் குறுகிய கால மாணவருக்கு மாதம் 80,000 யென் தருகிறது. சிக்கனமாக இருந்தால் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அது பெருமளவு கைகொடுக்கும்.

யாரும் முன்கூட்டியே எச்சரிக்காத ஒன்று இருக்கிறது. உபகாரச் சம்பளம் பெரும்பாலும் போய் இறங்கிய பிறகுதான் வரும், அதுவும் சில வாரம் கழித்து. முதல் மாதச் செலவு கையில் இருக்க வேண்டும். அதைத் திரட்ட ஓராண்டு அவகாசம் இருந்தால் நகைப்பெட்டியைத் திறக்க வேண்டியிராது. "பதிவுப் பணம் கட்டினால் இடம் உறுதி" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) வரும் அழைப்புகளை நம்ப வேண்டாம். பல்கலைக்கழகத்தின் அனைத்துலகப் பிரிவு கேள்விப்படாத திட்டத்துக்கு ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள்.

"கடப்பிதழ் எடுப்பதில் நம் பிள்ளைகளுக்கு ஏதும் சிக்கல் வருமா?"

குடியுரிமை உள்ளவருக்குச் சிக்கல் இல்லை. ஐந்தாண்டுக் கடப்பிதழுக்கு 200 ரிங்கிட். ஈப்போவில் உள்ள குடிநுழைவுத் துறை அலுவலகத்துக்குப் போனால் வேலை முடிந்துவிடும். பெற்றோரின் திருமணப் பதிவு, பிறப்புப் பத்திரம் ஆகியவற்றில் குறை இருந்து, குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை கிடைக்காத பிள்ளைகள் தோட்டப்புறங்களில் இன்னமும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் தேசியப் பதிவுத் துறையில் அதைத் தீர்த்தாக வேண்டும். அது மாதக் கணக்கில், சிலருக்கு ஆண்டுக் கணக்கில் இழுக்கும். பதினாறு வயதிலேயே தொடங்குங்கள்; வெளிநாட்டுப் படிப்பு இருக்கட்டும், அந்தப் பிள்ளையின் வாழ்க்கைக்கே அது தேவை.

பெயரில் ஒரு சிறு தொல்லை உண்டு. வெளிநாட்டுப் பாரங்களில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் அப்பா பெயர் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். நம் பெயரில் வரும் ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) என்பதில் உள்ள சாய்வுக்கோட்டைப் பல கணினிப் பாரங்கள் ஏற்காது. டிக்கெட், விசா, பல்கலைக்கழகப் பதிவு மூன்றிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஒரு மாணவியை அங்கே வகுப்பில் அப்பா பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். மூன்றாவது வாரம் கையைத் தூக்கி, "அது என் தந்தையின் பெயர், என் பெயர் இது" என்று சொன்னாராம். அதுவரை பொது இடத்தில் யாரையும் திருத்திப் பேசியறியாத பெண் அவர்.

"நான்கு மாதத்தில் பிள்ளை அப்படி என்ன மாறிவிடப் போகிறது?"

எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருக்கும் கேள்வி இதுதான். நம் ஊரில் ஒரு பிள்ளை தனியாக இருப்பதே இல்லை. கிளினிக்கில் அம்மா பேசுவார். வங்கியில் அண்ணன் பேசுவார். பாரம் நிரப்ப ஆசிரியர் இருக்கிறார். பஸ் வராவிட்டால் பக்கத்து வீட்டு மாமா மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார். இந்த அணைப்பு நமக்குக் கிடைத்த பெரும் செல்வம். ஆனால் இருபது வயதாகியும் தனக்கு வேண்டியதைத் தானே வாய் திறந்து கேட்ட அனுபவம் இல்லாமல் பல பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்திலும் புரியாத பாடத்தை விரிவுரையாளரிடம் கேட்காமல் தோழியிடம் கேட்டே ஒப்பேற்றுகிறார்கள்.

ஜப்பானில் தங்கிப் படிக்க வருபவர், குடியேறிய 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு மாணவி ரயிலில் போகும்போதே இரண்டு ஜப்பானிய வாக்கியங்களை முணுமுணுத்து மனப்பாடம் செய்தார். முகப்பிடத்தில் வாக்கியம் மறந்துவிட்டது. விடுதியின் பெயரைத் தாளில் எழுதி, பக்கத்தில் ஒரு வீடும் ரயில் நிலையமும் வரைந்து காட்டினார். அதிகாரி சிரித்துவிட்டு எழுந்து வந்து பாரத்தில் எந்தக் கட்டம் எது என்று விரல் வைத்துக் காட்டினார். வசிப்பிட அட்டையின் பின்பக்கம் மாணவியின் முகவரி பதிவாகி வந்தது. அந்த அட்டையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். நான் சொல்லும் மாற்றம் இதுதான்: தனக்காகத் தானே கேட்கப் பழகுவது. திரும்பி வந்தபின் இங்கே வங்கியில் அவர் பேசினார், அம்மா பக்கத்தில் நின்றார்.

எல்லாருக்கும் இது நடப்பதில்லை. அங்கே போயும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியோடு காலம் தள்ளிவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். விமானம் ஏறிவிட்டாலே வளர்ந்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம்.

"பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா?"

அனுப்பலாம். அனுப்புவதற்கு முன் விசாரிக்க வேண்டியவற்றை விசாரித்துவிட்டு அனுப்புங்கள். விடுதி பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளா, வெளியிலா? இரவு அவசரத்துக்கு யாரை அழைப்பது? விமான நிலையத்தில் யார் எதிர்கொள்வார்? உடல்நலக் காப்புறுதி எதற்கெல்லாம் செல்லும்? போனதும் அந்நாட்டு மலேசியத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இதே விசாரணையை மகனுக்கும் செய்யுங்கள். மகன்களுக்கும் காய்ச்சல் வரும், அவர்களையும் ஏமாற்றுவார்கள்.

முந்தைய பதிலில் சொன்னதை வைத்துப் பார்த்தால், இந்தப் பயணத்தால் அதிகம் பெறுவது பெண் பிள்ளைகள்தான் என்பது என் உறுதியான எண்ணம். அவர்களுக்காகத்தான் வீட்டில் எல்லாரும் பேசிவிடுகிறோம்.

"எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. வகுப்பில் அவமானப்பட்டுவிட மாட்டேனா?"

தமிழ்ப்பள்ளியில் தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் பாடம் படித்தவர் நீங்கள். ஜாவாவிலிருந்தோ பாங்காக்கிலிருந்தோ வந்து பக்கத்தில் உட்காரும் மாணவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. இந்தோனேசியாவுக்குப் போனால் உங்கள் மலாய் பாதி வேலையை முடித்துவிடும்.

முதல் வாரத்திலேயே வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள், எவ்வளவு சிறியதானாலும். நாள் தள்ளினால் வாய் இறுகிப் போகும். பேச வராவிட்டால் வகுப்பு முடிந்ததும் விரிவுரையாளருக்கு மூன்று வரி மின்னஞ்சல் எழுதுங்கள். நம் மாணவர்கள் மின்னஞ்சலை மன்னிப்பில் தொடங்கி மன்னிப்பில் முடிக்கிறார்கள். தவறு செய்யாதபோது மன்னிப்புக் கேட்க வேண்டாம். கேள்வியைக் கேட்டு நன்றி சொல்லி முடியுங்கள்.

"சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்? மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம், வெள்ளிக்கிழமை சைவம்."

சமைக்கத் தெரிந்தால் பிரச்சினை பாதியாகும். கிளம்புவதற்கு முன் ரசம், பருப்பு, ஒரு குழம்பு, முட்டைச் சம்பல் என நான்கை மகளுக்கும் மகனுக்கும் கற்றுக்கொடுங்கள். ஜப்பானில் காய்கறிச் சாறு போலத் தெரிவதில்கூட மீன் சேர்ந்திருக்கும், ஆகவே வெள்ளிக்கிழமை வெளியில் சாப்பிடுவது கடினம். எதைச் சாப்பிட மாட்டேன் என்பதை அந்நாட்டு மொழியில் ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டால் கடையில் காட்டலாம். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

பெட்டியில் வைப்பதில் கவனம் தேவை. ஜப்பானுக்கு இறைச்சிப் பொருள் கொண்டுபோகத் தடை உண்டு. ரெண்டாங் பொட்டலமும் இறைச்சித் துண்டு கலந்த உடனடி மீயும் அதில் அடங்கும். மசாலைத்தூள், பருப்பு, புளி ஆகியவற்றை வீட்டில் கட்டிய பொட்டலமாகத் தராமல் கடையில் அடைத்து முத்திரையிட்டதாக வாங்கிக் கொடுங்கள். மருந்திலும் இதே கவனம் வேண்டும். சூடோஎபெட்ரின் பத்து விழுக்காட்டுக்கு மேல் உள்ள சளி மருந்துகளை ஜப்பான் அனுமதிப்பதில்லை.

"போய் ஒரு மாதம்தான் ஆகிறது. போன் செய்தாலே அழுகிறாள். வரச் சொல்லிவிடலாமா?"

உடனே சொல்லாதீர்கள். 1955இல் சுவெரே லிஸ்கார்ட் என்ற நார்வே ஆய்வாளர், உபகாரச் சம்பளத்தில் அமெரிக்கா சென்று வந்த தம் நாட்டவரை ஆராய்ந்தார். முதலில் மகிழ்ச்சி, பிறகு சரிவு, பிறகு மெல்ல மெல்லத் தேறுதல் என்ற ஓட்டத்தை அதிலிருந்து விளக்கினார். ஒவ்வொருவரும் அந்தக் கோட்டிலேயே போவார்கள் என்பதில்லை. ஆனாலும் நான் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலோர் முதல் மாதக் கடைசியில்தான் உடைகிறார்கள். புதுமை தீர்ந்திருக்கும், தோழமை இன்னும் அமைந்திருக்காது, தீபாவளி நெருங்கியிருக்கும்.

அழுகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அழட்டும். பிறகு, இன்று சாப்பிட்டாயா, வகுப்புக்குப் போனாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். மூன்றுக்கும் "ஆம்" என்றால் பொறுத்திருக்கலாம். சாப்பாடும் தூக்கமும் நின்று, வகுப்புக்கும் போகாமல் இரண்டு வாரம் நீடித்தால் அங்குள்ள மாணவர் ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவரும் வீடு திரும்புவதே நல்லது என்றால் திரும்பி வரட்டும். அப்படி வந்த பிள்ளையிடம் செலவுக் கணக்குப் பேசாதீர்கள்.

"தினமும் வீடியோவில் பேசலாம் அல்லவா?"

பேசலாம், குறைவாக. இரவு முழுவதும் அழைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டுத் தொலைக்காட்சி ஓசையில் தூங்கும் பிள்ளை, உடம்பளவில் அங்கும் மனத்தளவில் சுங்கை சிப்புட்டிலும் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் நேரம் குறித்துப் பேசுங்கள்.

"அங்கே மலேசிய மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்தே இருந்தால் என்ன?"

முதல் வாரத்துக்கு அவர்கள் பெரிய துணை. அரிசி எங்கே வாங்குவது, எந்த ரயில் அட்டை மலிவு என்று அவர்களே சொல்வார்கள். அதன்பிறகு வாரத்தில் ஒரு வேலையாவது அவர்கள் இல்லாத இடத்தில் செய்யுங்கள். விளையாட்டுக் குழுவாகவோ சமையல் வகுப்பாகவோ ஆய்வுக்கூட உதவியாகவோ அது இருக்கலாம். பக்கத்து வீட்டு மாமாவின் இடத்தில் இன்னொருவரைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டால் பழைய வழக்கம் அப்படியே தொடரும்.

"நீ இந்தியாவிலிருந்து வந்தவளா என்று எல்லாரும் கேட்கிறார்கள். எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை."

இந்தக் கேள்வியைத் திரும்பி வந்த பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான். வீட்டை விட்டுப் போனால்தான் வீட்டின் கதை தேவைப்படுகிறது. அதனால் போவதற்கு முன்பே தெரிந்துகொண்டு போங்கள்.

நமக்குப் பக்கத்திலுள்ள கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. அதன் விதை பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டம் வழியாக வந்தது. மரத்தை வெட்டிப் பால் எடுக்கத் தமிழ்நாட்டிலிருந்து மக்களைக் கங்காணிகள் அழைத்து வந்தார்கள். 1938இல் அன்றைய இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பைத் தடை செய்தது. பினாங்கில் 1816இலேயே தமிழ் வகுப்பு தொடங்கிவிட்டது. இன்று நாடு முழுவதும் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. 1948 ஜூன் 16ஆம் நாள் இதே வட்டாரத்துத் தோட்டங்களில் ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இவ்வளவு வரலாறு கிடக்கும் ஊரிலிருந்து போய், "சின்ன ஊர், சொல்ல ஒன்றுமில்லை" என்று நம் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டால் மனம் வலிக்கிறது. தாத்தா பாட்டி இருந்தால், எந்தத் தோட்டம், எந்த லயம், நிரைக்கு எத்தனை மரம் என்று கிளம்புவதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து கேளுங்கள்.

"ஒரு பருவம் போனால் பட்டம் தள்ளிப்போகுமா?"

அங்கே எடுக்கும் பாடங்களை இங்குள்ள பாடங்களுக்கு ஈடாக ஏற்கிறோம் என்று துறையிடம் கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட்டால் தள்ளிப்போகாது. வாய்மொழி ஒப்புதல் போதாது. அங்கே போனபின் பாடம் மாறினால் அன்றே மின்னஞ்சல் அனுப்பி மறுபடியும் ஒப்புதல் வாங்க வேண்டும்.

"அங்கே பகுதிநேர வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்பலாமா?"

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஜப்பானில் மாணவர் விசாவில் இருப்பவர் தனி அனுமதி பெற்றால் வகுப்புக் காலத்தில் வாரம் 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அனுமதியில்லாமல் செய்தால் விசாவுக்கே ஆபத்து. நான்கு மாதத்தில் வீட்டுக்கு அனுப்பும் அளவுக்கு மிஞ்சாது. பெற்றோரே, தயவுசெய்து அதை எதிர்பார்க்காதீர்கள்.

"திரும்பி வந்தவன் ஆளே மாறிவிட்டான். எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறான். அனுப்பியது தப்போ?"

ஊருக்குத் திரும்பும்போதும் ஒரு சரிவு உண்டு என்று 1963இல் கல்லஹார்ன் என்ற ஆய்வாளர் தம்பதியர் எழுதினார்கள். போகும்போது எல்லாரும் எச்சரிக்கிறார்கள், வரும்போது யாரும் எச்சரிப்பதில்லை. அறை சிறுத்துப் போனதாகத் தோன்றும். அங்கே கண்டதைச் சொல்லத் துடிப்பான், வீட்டில் இரண்டு நாளைக்குமேல் கேட்க ஆள் இருக்காது. அந்த எரிச்சல்தான் பல நேரங்களில் எதிர்ப்பாக வெளிவருகிறது.

எதிர்ப்பில் இரண்டு வகை உண்டு. நம் சாப்பாடு, பேச்சு, கோயில் எல்லாவற்றையும் இளக்காரமாகப் பேசினால் கண்டியுங்கள். அது வளர்ச்சி ஆகாது. "என் படிப்பைப் பற்றி நானே முடிவு செய்கிறேன்", "தங்கையையும் அனுப்புங்கள்", "அந்தப் பாரத்தை நானே போய்க் கேட்கிறேன்" என்று பேசினால் அதைக் கேளுங்கள். தனக்காகக் கேட்கக் கற்றுக்கொள்ளத்தானே அனுப்பினோம்? கற்றதை முதலில் நம்மிடமே காட்டுகிறான். அவனுக்கு வீட்டில் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். மின்சாரக் கணக்கோ பாட்டியின் மருத்துவமனை நாளோ எதுவானாலும் சரி. ஐந்தாம் படிவ மாணவர்களிடம் வந்து அனுபவத்தைச் சொல்லவும் நான் அழைப்பதுண்டு. கேட்க ஆள் கிடைத்ததும் முகம் மாறிவிடுகிறது.

"அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. நான் மூத்தவள். இடம் கிடைத்திருக்கிறது. போனால் அது தன்னலமா?"

தன்னலம் என்று நான் சொல்ல மாட்டேன். போய்விடு என்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: வாரத்தில் மூன்று நாள் அப்பாவை யார் அழைத்துப் போகிறார், யார் காத்திருந்து அழைத்து வருகிறார், மருந்து யார் வாங்குகிறார். இவற்றில் நீங்கள் செய்வதை மட்டும் கோடிட்டு, ஒவ்வொன்றையும் வேறு யார் செய்ய முடியும் என்று தம்பியிடமும் சித்தியிடமும் நேரடியாகக் கேளுங்கள். அவர்களாக முன்வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிறகு அப்பாவிடம் கேளுங்கள். பல வீடுகளில் எல்லாரும் அப்பாவுக்காகக் கவலைப்படுகிறார்கள், அவரை மட்டும் யாரும் கேட்பதில்லை.

தூரத்தையும் எண்ணிப் பாருங்கள். தெற்குத் தாய்லாந்தில் ஹட்ஜாயில் உள்ள சொங்க்லா இளவரசர் பல்கலைக்கழகம் போன்ற இடத்துக்கு உங்கள் பல்கலைக்கழகத்தின் உடன்படிக்கை இருந்தால், அவசரம் என்றால் எல்லையிலுள்ள பாடாங் பெசார் வழியாக ரயிலில் ஒரே நாளில் வீடு வந்துவிடலாம். இரண்டு மூன்று வாரக் கோடை வகுப்பும் ஒரு வழிதான். இந்த முறை முடியாது என்று தெரிந்தால், மறுப்புக் கடிதம் எழுதுவதற்கு முன் அனைத்துலகப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். வீட்டு நிலைமையை இரண்டு வரியில் சொல்லி, இந்த இடத்தை அடுத்த பருவத்துக்கு மாற்றித் தர இயலுமா என்று கேளுங்கள். ஒப்புக்கொண்ட இடங்கள் உண்டு. இறுதி நாளுக்கு ஒரு வாரம் முன்பாவது அது அவர்கள் கையில் இருக்க வேண்டும்.